மூன்று மூச்சுக்கு அப்புறம்

கட்டையை எப்படி மாற்றிப் பிடித்தாலும் விசாகாவுக்கு உள்ளங்கை வேர்த்தது. பெரிய கட்டை ஒன்றும் கிடையாது, சப்பாத்திக் கட்டையில் பாதிகூட இருக்காது, நுனியில் தோல் சுற்றியிருக்கும். எதிரே சின்ன மெத்தை, மெத்தை மேல் வெண்கலக் கிண்ணம். ஜப்பானிலிருந்து வந்ததாம், ரெண்டு பேருக்குத் தாராளமாகச் சோறு பிசையலாம், ஆனால் இதில் யாரும் எதையும் பிசைந்ததில்லை, துடைப்பதோடு சரி, துடைப்பதும் அவள்தான். கட்டையால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் பேசிக்கொண்டிருக்கிறவர் சொல்லைப் பாதியில் விழுங்கிவிட வேண்டும், கூடத்தில் அத்தனை பேரும் கண்ணை மூடி மூன்று மூச்சு விட வேண்டும், மறுபடி தட்டும் வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது, டீனாக இருந்தாலும் சரி. பேச்சில் சூடு ஏறுகிறது என்று தோன்றினால் தட்டி ஆற்றிவிட வேண்டியது, அதுதான் இந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்துப் பௌத்த மையத்தில் வழக்கம், இதற்கு மணிக்காவல் என்று பேர் வேறு. வழக்கமாக எம்.ஏ. படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளில் ஒன்றுதான் உட்காரும். இன்றைக்கு மையத்தின் தலைவி ஜூடித் அவளைக் கூப்பிட்டார், தோளில் கை வைத்தார், இந்த ஊரில் தோளில் கை வைத்தால் ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம், நீதான் இன்றைக்கு மணிக்கு உட்கார வேண்டும், உன் கையில் இருந்தால் நாகசேனனுக்கு ஆறுதலாக இருக்கும், எப்போது தட்ட வேண்டும் என்று உனக்கே தெரியும் என்றார். உனக்கே தெரியும். காலையிலிருந்து அந்த வார்த்தை பல்லில் மாட்டிய நார் மாதிரி வெளியே வர மாட்டேன் என்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளை தட்டி நாகசேனன் வாயை மூடினால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான் விஷயம். கோலார்க்காரன் வாயைக் கோலார்க்காரி மூடினால் அது கருணை. அவளுக்கு வயசு பத்தொன்பதுதான், படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது, ஆனாலும் இதுகூடவா புரியாது.

வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஜூடித்துக்கு ஒரு பக்கம் டீன், கோட்டோடு தரையில் உட்காரத் தெரியாமல் ஒரு முழங்காலை நட்டமாக வைத்துக்கொண்டு. இன்னொரு பக்கம் மாணவர்கள். எதிரே நாகசேனன், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை, அவர் மட்டும் குஷன் வேண்டாம் என்று வெறும் பலகையில். இந்த வருஷத்தோடு அவருடைய ஆசிரியர் ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன்னால் எல்லாரும் சேர்ந்து அவரைக் கேட்கப் போகிறோம், தீர்ப்பு சொல்லாமல் முழு மனசோடு கேட்கப் போகிறோம் என்று ஜூடித் ஆரம்பித்து வைத்தார். வேலை போனால் விசா போகும், விசா போனால் நாகசேனனும் அவர் பெண்சாதி சுமேதா அக்காவும் இங்கேயே பிறந்த அவர்கள் பொண்ணும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, அது விசாகாவுக்குத் திங்கட்கிழமையே தெரியும். அன்றைக்கு மாடி அறையைக் காலி பண்ணச் சொன்னார் ஜூடித். பழைய குஷன்கள், உடைந்த புரொஜெக்டர், போன கான்ஃபரன்ஸுக்கு அடித்த பேனர், எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேலே வந்து, ஜனவரியில் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு புதிய ஆசிரியர் வருகிறார், நாகசேனன் எடுக்கிற புத்தரும் சாதியும் வகுப்பை இனிமேல் அவர் எடுப்பார், டீனும் ஒத்துக்கொண்டாயிற்று என்றார், சாதாரணமாக, ஜன்னல் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற குரலில். விசாகா துடைப்பதை நிறுத்தாமல், அப்போது நாகசேனன் சார் என்று கேட்டாள். அவரிடம் இப்போது சொல்லாதே, முதலில் நாம் அவரைக் கேட்போம், நன்றாகக் கேட்கப்பட்டவருக்கு முடிவு அவ்வளவு வலிக்காது என்றார் ஜூடித். இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு மனுஷி கண் கலங்கிக்கொண்டே சொல்ல முடியும் என்பதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கலங்கியது நிஜம், நடிப்பு இல்லை. நடிப்பாக இருந்தால் ஒரு கெட்ட வார்த்தையோடு முடிந்துபோயிருக்கும். அவளும் சரி என்று தலையாட்டினாள். தலை எவ்வளவு சுலபமாக ஆடியது. ஜன்னலைத் துடைத்த அதே கை இன்றைக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, வேர்க்காமல் என்ன செய்யும்.

நாகசேனன் பேச ஆரம்பித்துவிட்டார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார், அவருக்கே மெதுவாகப் பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள், சுமேதா அக்கா சொல்லியிருப்பாள், இன்னாத்துக்கு கத்துற, மெதுவா பேசுன்னு. இரண்டு நிமிஷம் தாங்கும். அவர் குரல் மெதுவாகப் பேசச் செய்த குரல் இல்லை. கோலார் தங்கச் சுரங்கத்து வேலையாட்களுக்கு மேடை போட்டுப் பேசின அப்பனுக்குப் பிறந்தவர், அங்கே சாம்பியன் ரீஃப் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு வீட்டில் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். விசாகாவும் அந்த ஊர்க்காரிதான், நாலு தலைமுறையாகப் பௌத்தக் குடும்பம், ஆனால் அமெரிக்கா வருகிற வரைக்கும் பௌத்தர்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. ஊரில் மாரிகுப்பம் விகாரையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றால் சண்டைதான். பஞ்சசீலம் சொல்லி முடித்த மறு நிமிஷம் எவனாவது எழுந்து போன வாரம் அவன் பேசினது தப்பு என்பான், இன்னொருத்தன் மைக்கைப் பிடுங்குவான், தண்ணீர்க் குழாய்க்கு மனுக் கொடுப்பது, கல்யாணத்துக்கு ஐயரைக் கூப்பிட்டவனை என்ன செய்வது, மறுபிறப்பு உண்டா இல்லையா, எல்லாம் ஒரே கூட்டத்தில். கண்ணை மூடினால் செருப்பு போய்விடும். அவளுடைய நைனா செத்தபோதுகூட மௌன அஞ்சலி என்று யாரோ சொல்லி ஒரு நிமிஷம் தாங்கவில்லை, பாதியிலேயே ஒருத்தர் பேச ஆரம்பித்துவிட்டார், பேசினவர் அழுதார், அழுதுகொண்டே பஞ்சாயத்து போர்டைத் திட்டினார். அதெல்லாம் பெரிய சொர்க்கம் என்று அவள் நினைக்கவில்லை. காது வலிக்கும், பெண்களுக்கு மைக் வராது, வந்தாலும் வரவேற்புரையோடு வாங்கிவிடுவார்கள். நாகசேனனும் அந்த ஆட்டத்தில் சளைத்தவர் இல்லை. வீட்டுக்குச் சாப்பிடப் போனால் சாப்பிட விடமாட்டார், அவள் தமிழைத் திருத்துவார், சொன்ன கதையையே சொல்வார், எதிரில் இருக்கிறவள் கேட்கிறாளா தூங்குகிறாளா என்று பார்க்க மாட்டார், பேசும்போது எச்சில் தெறிக்கும். ஆனால் இந்தியக் கடையில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவையும் அவளையும் பேச்சைக் கேட்டே கோலார் தானே என்று பிடித்து, மறு வாரமே மையத்தில் சொல்லி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அந்த எச்சில் தெறிக்கிற வாய்தான். நன்றி என்று ஒன்று இருக்கிறதே. நன்றியா, திங்கட்கிழமைக்கும் இன்றைக்கும் நடுவில் எத்தனை நாள் இருந்தது, ஒரு போன் போட்டிருக்கலாம், அண்ணா இந்த மாதிரி விஷயம் என்று. போனைக் கையில் எடுத்தாள், பேரைத் தேடினாள், வைத்தாள். ரெண்டு தடவை. அப்புறம் தேடுவதையும் விட்டுவிட்டாள்.

கூடத்தில் சாக்ஸ் வாசனையும் ஊதுவத்தி வாசனையும் ஹீட்டரில் தூசி கருகுகிற வாசனையும் கலந்து அடித்தது. சுவரில் வரிசையாகப் படங்கள். தாய்லாந்துத் துறவிகள் மரத்துக்குக் காவித்துணி கட்டுகிற படம், வியட்நாம் படம், அப்புறம் கடைசியில் நீலக் கோட்டும் கண்ணாடியும் போட்டவர் படம். அந்தப் படம் முன்பு இல்லை, நாகசேனன் வந்த வருஷம் மாட்டினார்கள், மாட்டிய அன்றைக்கு அவர் வேறு யாரையும் ஆணி அடிக்க விடாமல் தானே அடிப்பேன் என்று சுத்தியலைப் பிடுங்கியதாக இன்னும் சிரிப்பார்கள். இந்த மையம் முதலில் நூலகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறையாம், ஜூடித்தும் இன்னும் சில பேரும் போர் வேண்டாம் என்று ஊர்வலம் போய்விட்டு வந்து அங்கே உட்காருவார்களாம், அப்போது பல்கலைக்கழகத்தில் இதைப் படிப்பாகவே மதிக்க மாட்டார்களாம், தியானம் பண்ணுகிறவன் பண்ணட்டும், ஆராய்ச்சி பண்ணுகிறவன் பண்ணட்டும், ரெண்டையும் கலக்காதே என்பார்களாம். கலந்தார்கள். சமூகத்தில் இறங்கி வேலை செய்கிற பௌத்தம் என்று பேர் வைத்தார்கள், ஒரு வகுப்பு வந்தது, அப்புறம் சான்றிதழ்ப் படிப்பு வந்தது, அப்புறம் யாரோ பணக்காரர் செத்து அவர் பேரில் இந்தக் கட்டடமே வந்தது, இப்போது பக்கத்து மாநிலத்துக் கல்லூரிகளில் எல்லாம் இதே மாதிரி கூடம், இதே மாதிரி கிண்ணம். ஜூடித் போலியா என்றால் இல்லை. சனிக்கிழமை தோறும் ஜெயிலுக்குப் போகிறார், பனி கொட்டினாலும் போகிறார், அங்கே கொலை பண்ணினவன்களோடு உட்கார்ந்து மூச்சு விடுகிறார், சின்ன வயதில் போலீஸ் இழுத்துப்போன போட்டோ அலுவலகத்தில் இருக்கிறது, அம்மாவுக்குக் காய்ச்சல் என்றபோது சூப் கொண்டுவந்து கொடுத்தார், உப்பில்லாத சூப், ஆனாலும் கொண்டுவந்தார். ஒருத்தி இத்தனை நல்லவளாக இருந்துகொண்டு மாடி அறையையும் காலி பண்ணச் சொல்லலாம், ரெண்டும் ஒரே உடம்புக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும், நடுவில் ஒரு மணி தட்டிக்கொண்டால் போதும். விசாகாவுக்கு அப்படி ஒரு மணி கிடையாது. அவளுக்கு உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறது, மாரிகுப்பம் கூட்டம் மாதிரி, எவனும் மைக்கை விடமாட்டேன் என்கிறான்.

நாகசேனன் வகுப்புக்கு வந்துவிட்டார். இனிமேல் குரல் ஏறும். வகுப்பில் நடந்தது இவ்வளவுதான், சாதியைப் பற்றிப் பாடம் நடக்கிறது, எங்கள் குடும்பத்தில் நாங்கள் அதையெல்லாம் பார்த்ததே இல்லை என்று ஈஷான் என்ற பையன் சொன்னான், நியூ ஜெர்சிப் பையன், அப்பா டாக்டர், தாத்தா புனேயில் ஜட்ஜ். உடனே நாகசேனன், நல்லது தம்பி, உங்க தாத்தா வீட்டுக் கக்கூஸை யார் கழுவினாங்க, அவங்க பேர் தெரியுமா என்று கேட்டார். பையன் தெரியாது என்றான். போன் போட்டுக் கேளு, வகுப்பு காத்திருக்கும் என்றார். வகுப்பு நிஜமாகவே காத்திருந்தது, பையன் போன் போடவில்லை, அழுதுவிட்டான். அவ்வளவுதான். மறுநாள் அவன் ஜூடித்திடம் போனான், அந்த வகுப்பில் எனக்குப் பாதுகாப்பாக இல்லை என்றான். அவனை அன்றைக்கு இதே கூடத்தில் உட்கார வைத்துக் கேட்டார்கள், விசாகாதான் தேநீர் வைத்தாள், ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை, அடிக்க அவன் என்ன கத்தவா செய்தான், அழகாக, அடக்கமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் தானே மூச்சு விட்டுக்கொண்டு அவர் ஆளையே காலி பண்ணினான். அதைச் சொல்லி அவனைத் திட்டவும் அவளுக்கு வரவில்லை, பையனுக்கு நிஜமாகவே முகம் வீங்கியிருந்தது. நாகசேனன் கொஞ்சம் நயமாகக் கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தால் மட்டும். நயமாகக் கேட்டால் நயமாகப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், அதுவும் அவளுக்குத் தெரியும், இங்கே பள்ளிக்கூடத்தில் அவளும் நயமாகத்தான் கேட்டாள், தீபாவளி டான்ஸுக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. இந்தியப் பிள்ளைகள், உங்க வீட்டில் இதெல்லாம் உண்டா என்று சிரித்தார்கள், அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வருஷத்தோடு படிப்பு போதும் என்றாள். அம்மா அடித்தாள், அழுதாள், இரண்டு மாசம் பேசவில்லை. இப்போது அதே அம்மாதான் நர்ஸிங் ஹோமில் வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை முடிந்து கால் வீங்கி வந்து உட்கார்ந்துகொண்டு, அந்த ஜூடித்தம்மா உன்னைக் காலேஜில் சேர்த்துக்கிறேன்னு சொல்லியிருக்குது, ஃபீஸ் வேணாம்னு சொல்லியிருக்குது, நீ வாயை மூடிக்கினு இரு, ஒரு வருஷம் வாயை மூடிக்கினு இருந்தா செத்தா போய்டுவ என்கிறாள்.

செத்துப்போக மாட்டாள். இதோ மூடிக்கொண்டுதானே இருக்கிறாள், உயிரோடுதானே இருக்கிறாள், கால் மரத்துப்போய், இடுப்பு வலித்து, கட்டை கையில். உன்னை மாதிரிக் குரல் எங்களுக்கு வேண்டும் என்று ஜூடித் சொன்னது காலேஜ் விஷயம் பேசின அன்றைக்கு. குரல் வேண்டும், ஆனால் மாடி அறையைப் பற்றி வேண்டாம். நாகசேனன் குரலும் வேண்டும் என்றுதான் கூப்பிட்டார்கள், வரும்போது விமான நிலையத்துக்கே மாணவர்கள் பலகை பிடித்துக்கொண்டு போனார்களாம், கான்ஃபரன்ஸில் முதல் வரிசையில் உட்கார வைத்து எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள், கைதட்டல் முடிந்ததும் அவர் நிறுத்தவில்லை, அதுதான் அவர் பண்ணின தப்பு. இப்போதும் நிறுத்தவில்லை. குரல் ஏறிவிட்டது, எங்கள் ஆட்கள் பௌத்தத்துக்கு வந்தது மன அமைதிக்காக இல்லை, மனுஷன் என்று சொல்லிக்கொள்ள வந்தோம், எங்களுக்கு அமைதி எப்போதும் இருந்தது, அமைதியாகத்தான் சாக்கடைக்குள் இறங்கினோம் என்று ஆங்கிலத்தில் சொன்னார், அந்த ஆங்கிலத்திலும் கோலார் அடித்தது. ஒரு மாணவி தலையைக் குனிந்தாள். டீன் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். ஜூடித் திரும்பி விசாகாவைப் பார்த்தார். முறைக்கவில்லை, மிரட்டவில்லை, புருவத்தை லேசாகத் தூக்கினார், ஒரு தாய் பிள்ளையை மேடைக்கு, நீ போ, பயப்படாதே என்று அனுப்புவாளே அந்த மாதிரி. இப்போது தட்ட வேண்டும். தட்டினால் ஒன்றும் ஆகாது, மூன்று மூச்சு, மறுபடி பேசுவார். ஆனால் பேச மாட்டார். அவரைத் தெரியும், ஓடுகிற வண்டியை நிறுத்திவிட்டால் மறுபடி கிளப்பத் தெரியாது, இருமுவார், எங்கே விட்டேன் என்பார், சொன்னதையே சொல்வார், அப்போது ஜூடித் நன்றி நாகசேனன் என்பார், நாங்கள் உங்களைக் கேட்டோம் என்பார், முடிந்தது. தட்டாவிட்டால் காலேஜ் இல்லை, அம்மா முகத்தில் முழிக்க முடியாது, ஒருவேளை இந்த வேலையும் இல்லை. தட்டாவிட்டாலும் ஜனவரியில் அந்த ஆள் கலிஃபோர்னியாவிலிருந்து வரத்தான் போகிறான். அப்போது தட்டினால் என்ன, தட்டாவிட்டால் என்ன. இப்படி யோசிக்கத்தான் ஜூடித் கற்றுக்கொடுத்திருக்கிறார் போல, முடிவு ஏற்கனவே ஆகிவிட்டது என்றால் எவ்வளவு நிம்மதி, யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மூச்சு விட்டால் போதும். சீ. அவளுக்குத் தன் மேலேயே துப்ப வேண்டும் போல இருந்தது. கட்டை நுனி கிண்ணத்துக்கு மேலே நின்றது, இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

அப்போதுதான் நாகசேனன் பேச்சை நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். வட்டத்தில் அதுவரைக்கும் அவளை யாரும் பார்க்கவில்லை, மணிக்கு உட்கார்ந்தவளைப் பார்க்கக் கூடாது, அவள் இல்லாத மாதிரி இருக்க வேண்டும், அதுவும் வழக்கம். அவர் பார்த்தார், பார்த்தது மட்டுமில்லை, ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார்.

"விசாகா, மேல் ரூமைக் காலி பண்றாங்கன்னு பசங்க பேசிக்கிறாங்க. நீதானே அங்க வேலை பாக்கற. அது யாருக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியா"

தட்டிவிட்டாள். கை தட்டியதா அவள் தட்டினாளா, அப்படியெல்லாம் கதை விட முடியாது, அவள்தான் தட்டினாள். சத்தம் பெரிதாக வந்தது, பயத்தில் தட்டினால் பெரிதாகத்தான் வரும், கிண்ணம் மெத்தையிலேயே ஒரு நடுங்கு நடுங்கியது. தெரியாதா என்பதில் கடைசி எழுத்து அவர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. எல்லாக் கண்ணும் மூடிக்கொண்டன, கடையில் ஷட்டர் இறக்கின மாதிரி. அவர் எழுந்து கத்துவார் என்று எதிர்பார்த்தாள், இன்னாடி இது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தாள், கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் அவளையே ஒரு நொடி பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது அவருக்கு. அப்புறம் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் சொன்னதைக் கேட்கிற பையன் மாதிரி ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார், மூச்சு விட்டார். மீசை ஏறி இறங்கியது. அந்த மூச்சைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. இத்தனை வருஷம் கத்தின மனுஷன், மைக் பிடுங்கின மனுஷன், அவள் தட்டினாள் என்பதற்காக அடங்கி உட்கார்ந்திருக்கிறார். ஜூடித் தட்டியிருந்தால் அடங்கியிருக்க மாட்டார். அது ஜூடித்துக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஒரு மூச்சு. ரெண்டு. மூன்று. இப்போது மறுபடி தட்ட வேண்டும், தட்டினால் ஜூடித் பேசுவார், என்ன பேசுவார் என்று சொல்லுக்குச் சொல் தெரியும். விசாகா தட்டவில்லை. முதலில் வேண்டுமென்றே இல்லை, கை விறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நாலாவது மூச்சு விட்டார்கள். அப்புறம் இன்னொன்று. ஹீட்டர் டக்கென்று நின்றது, கூடத்தில் வயிறு கடமுடா என்கிற சத்தம் வரைக்கும் கேட்டது, யார் வயிறோ. டீன் தொண்டையைச் செருமினார், செருமுவது பேச்சில் சேராது. ஒரு பெண் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, தப்பு பண்ணின மாதிரி மூடிக்கொண்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. முடியாது. அடுத்த மணி வரைக்கும் யாராலும் முடியாது. ஜூடித் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார், புருவம் ஏறியது, விரல் முழங்காலில் மெதுவாகத் தட்டிக் காட்டியது, இப்படி, கண்ணே, இப்படி. வாயைத் திறந்து தட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று. டீன் முன்னால், தான் வளர்த்த பிள்ளைகள் முன்னால், தன் சட்டத்தைத் தானே மிதிக்க வேண்டும். ஜூடித் சொல்லவில்லை. விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, கொஞ்சம் வேகமாக. விசாகாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகை வந்தது, ரெண்டையும் விழுங்கினாள். கட்டையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். எலும்பில் குத்தியது. அம்மா இந்நேரம் நர்ஸிங் ஹோமில் எந்தக் கிழவியையோ புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பாள். மன்னிச்சுக்கோ என்று அவளிடம் சொல்வதா, யாரிடம் சொல்வது. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தால் அதுவும் இந்தக் கூடத்துக்குப் பிடிக்கும், அதற்கும் ஒரு வட்டம் போட்டுக் கேட்பார்கள்.

மணி தட்டாமலே, சட்டத்தை அவளே மிதித்து, ஆங்கிலத்தில் சொன்னாள், இலக்கணம் எல்லாம் பார்க்காமல். மாடி அறையைக் காலி செய்தது நான். கலிஃபோர்னியாவிலிருந்து வருகிற புது ஆசிரியருக்கு. ஜனவரியில் நாகசேனன் சாருடைய வகுப்பை அவர்தான் எடுக்கிறார். ஜூடித் திங்கட்கிழமை என்னிடம் சொன்னார், டீன் ஒத்துக்கொண்டதாகவும் சொன்னார். இந்த வட்டம் முடிகிற வரைக்கும் இவரிடம் சொல்லக் கூடாது என்றார். நானும் சொல்லவில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது, நடுவில் ரெண்டு இடத்தில் உடைந்தது, ஆனால் வந்துவிட்டது. கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டீன் நட்டமாக வைத்திருந்த முழங்காலை இறக்கினார். ஜூடித்தின் வாய் திறந்தது, பார்வை கிண்ணத்துக்குப் போனது, கட்டையைத் தேடியது, வாய் மூடிக்கொண்டது. எதிரே நாகசேனன் மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. கை மடியில் வைத்தபடியே இருந்தது. மீசை மட்டும் அசைந்தது.

"கதவாண்ட உக்காந்துகினு இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காதும்மா," என்றார். "சத்தமா சொல்லு."

அவள் எழுந்து நின்று சொன்னாள்.